கிட்டார் பழகத் தொடங்குபவர்கள் டர்பனில் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் என் வீட்டு முன்னறையில் 20 வருடங்களுக்கு மேலாகக் கிட்டார் சொல்லிக்கொடுத்து வருகிறேன். பள்ளிப் பிள்ளைகள் வருகிறார்கள், வேலை முடிந்து களைப்போடு அம்மாக்கள் வருகிறார்கள், ஓய்வு பெற்ற தாத்தாக்களும் வருகிறார்கள். முதல் நாள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன். படிக்கும்போது ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வரும்: யாராவது பாட வேண்டும், அந்தப் பாட்டுக்கு நீங்கள் வாசிக்க வேண்டும். எனக்குக் கிட்டார் கைவந்தது அப்படித்தான், என் மாணவர்களில் விடாமல் தொடர்ந்தவர்களுக்கும் அப்படித்தான்.

எனக்கு 55 வயதாகிறது. இனிமேல் விரல் வளையுமா?

வளையும். வயதானவர்களின் விரல் கொஞ்சம் மெதுவாகத்தான் சொன்னபடி கேட்கும். ஆனால் ஒரு பாட்டு எங்கே ஏறும், எங்கே இறங்கும், எங்கே நின்று மூச்சு வாங்கும் என்பதை உங்கள் காது எப்போதோ கற்றுக்கொண்டுவிட்டது. எட்டு வயதுப் பிள்ளைக்கு அது இனிமேல்தான் வர வேண்டும். மூட்டுவலி உள்ளவர்கள் நைலான் கம்பி போட்ட கிட்டாரை எடுத்துக்கொண்டு, ஒரு தடவைக்குப் பத்து நிமிடம் மட்டும் வாசித்தால் நல்லது.

மகளுக்கு 6 வயது. எந்த அளவு கிட்டார் வாங்குவது?

பாதி அளவுக் கிட்டார். 8 வயதிலிருந்து 11 வரை முக்கால் அளவு, அதற்கு மேல் முழு அளவு. "வளர்ந்த பிறகும் உதவுமே" என்று பெரிதாக வாங்கிக்கொடுக்காதீர்கள். பெரிய கிட்டாரை அணைத்துப் பிடிக்க முடியாமல் பிள்ளை தோளைத் தூக்கிக்கொண்டு உட்காரும், ஒரு மாதத்தில் அலுத்துப்போகும். ரொம்பச் சிறிய கையாக இருந்தால் நான்கு கம்பி யுகுலேலேயில் தொடங்கலாம். அதில் பழகிய கார்ட் (பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிப்பது) வடிவங்கள் பிறகு கிட்டாருக்கும் கைகொடுக்கும்.

நான் இசை எதுவும் படித்ததில்லை. கோயிலில் பஜனை பாடியதோடு சரி.

அது பெரிய முதலீடு. 1860 நவம்பர் 16-ஆம் தேதி மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பனுக்கு வந்து சேர்ந்தது. அதிலும் அதற்குப் பின் வந்த கப்பல்களிலும் கரும்புத் தோட்ட வேலைக்காக வந்தவர்கள் தங்கள் பாட்டையும் கூடவே கொண்டுவந்தார்கள். பல வீடுகளில் தமிழ்ப் பேச்சு நின்றுபோன பிறகும் பாட்டு நிற்கவில்லை. தேவாரத்தை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தைக்கும் பொருள் தெரியாமல், ஆனால் சுருதி விலகாமல் பாடும் பிள்ளைகளை நான் வாரா வாரம் பார்க்கிறேன். சுருதியும் தாளமும் அந்தப் பிள்ளைகளிடம் ஏற்கெனவே இருக்கின்றன. மிச்சம் இருப்பது விரல் பழக்கம்தான்.

ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். ஏதாவது ஒரு கம்பியை எடுத்துக்கொள்ளுங்கள். அழுத்தாமல் மீட்டினால் வருவது ஸ. ஃபிரெட் என்பது கழுத்தின் மேல் குறுக்கே பதித்த உலோகக் கோடு. ஒவ்வொரு ஃபிரெட்டும் ஒரு ஸ்வரஸ்தானம். பன்னிரண்டாவது ஃபிரெட்டில் மேல் ஸ வந்துவிடும். அதே கம்பியில் 2, 4, 5, 7, 9, 11, 12 என்று வரிசையாக அழுத்தி வாசித்தால் சங்கராபரணம். 1, 4, 5, 7, 8, 11, 12 என்றால் மாயாமாளவகௌளை, அதாவது பாட்டு வகுப்பில் முதலில் சொல்லித்தரும் சரளி வரிசை. பாடிக்கொண்டே வாசியுங்கள். வாய் சொல்லும் இடத்துக்கு விரல் போய்ச் சேர்வதை முதல் நாளிலேயே பார்த்துவிடலாம்.

நைலான் கம்பியா, ஸ்டீல் கம்பியா, எலெக்ட்ரிக்கா?

பஜனைக்கோ வீட்டில் பாடுவதற்கோ என்றால் ஸ்டீல் கம்பி அக்கூஸ்டிக், அதாவது கரண்ட் வேண்டாத கிட்டார். ஹார்மோனியமும் மிருதங்கமும் ஒலிக்கும் இடத்தில் அதன் சத்தம்தான் கேட்கும். விரல் மென்மையான பிள்ளைகளுக்கும், விரலால் மீட்ட ஆசைப்படுபவர்களுக்கும் நைலான் நல்லது. நைலான் கிட்டாரின் கழுத்து அகலமாக இருக்கும், மேல் முனையில் சுமார் 52 மில்லிமீட்டர். ஸ்டீல் கிட்டாரில் அது 43 சொச்சம். சின்னக் கைக்கு அந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

எலெக்ட்ரிக்கில் தொடங்கினாலும் தவறில்லை. கம்பி மெலிது, அழுத்துவது எளிது. ஆனால் ஆம்ப்ளிஃபயர் வேண்டும். கரண்ட் போகும் மாலைகளை நாம் எல்லோரும் நிறையப் பார்த்துவிட்டோம். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் குடும்பமே உட்கார்ந்து பாடும்போது அக்கூஸ்டிக் கையில் இருந்தால் அந்த மாலை நல்ல மாலைதான்.

தாத்தாவின் பழைய கிட்டார் அலமாரி மேல் கிடக்கிறது. அதையே எடுத்துக்கொள்ளலாமா?

எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் முதலில் அது எந்த வகை என்று பாருங்கள். தலைப்பகுதியில் நீளமாக இரண்டு துவாரம் வெட்டியிருந்து, கம்பிகள் பிரிட்ஜில் (கிட்டார் உடலின் மேல் கம்பிகளைத் தாங்கும் கட்டையில்) முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தால் அது நைலானுக்குச் செய்த கிளாசிக்கல் கிட்டார். அதில் ஒருபோதும் ஸ்டீல் கம்பி போடாதீர்கள். நைலான் கம்பிகள் ஆறும் சேர்ந்து இழுக்கும் பாரம் ஏறக்குறைய 40 கிலோ. சாதாரண ஸ்டீல் கம்பிகள் 70 கிலோவுக்கு மேல் இழுக்கும். அந்தப் பாரம் தாங்காமல் பிரிட்ஜ் பலகையோடு பெயர்ந்து வந்துவிடும். இப்படிப் பாழாய்ப்போன நான்கைந்து கிட்டார்களை என் கையால் தூக்கிப் பார்த்திருக்கிறேன். எல்லாமே யாரோ ஒருவரின் அப்பாவோ தாத்தாவோ ஆசையாக வாசித்தவை. ஒவ்வொன்றுக்கும் மனசு கனத்தது.

பழைய கம்பிகளை மட்டும் கழற்றிவிட்டுப் புதிது போடுங்கள். துருப்பிடித்த கம்பியில் பழகினால் விரலும் கிழியும், சுருதியும் நிற்காது.

செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது எதைப் பார்ப்பது?

தலைப் பக்கத்திலிருந்து கழுத்தை ஒரு கண்ணால் நோக்குங்கள், முறுக்கிக்கொண்டிருந்தால் வேண்டாம். பன்னிரண்டாவது ஃபிரெட்டில் கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் இடைவெளி ஸ்டீல் கிட்டாரில் இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர் இருக்கலாம். நான்கு ஐந்து என்று இருந்தால் அழுத்தவே முடியாது. பிரிட்ஜின் பின் விளிம்பில் ஒரு காகிதத்தை நுழைத்துப் பாருங்கள். உள்ளே போனால் பிரிட்ஜ் கிளம்பத் தொடங்கிவிட்டது. ஒவ்வொரு கம்பியிலும் எல்லா ஃபிரெட்டையும் ஒரு முறை வாசித்துப் பாருங்கள், எங்காவது கரகரப்பு வருகிறதா என்று. விற்பவர் அவசரப்படுத்தினாலும் நீங்கள் அவசரப்படாதீர்கள்.

சுருதி சேர்ப்பது எப்படி?

தடித்த கம்பியிலிருந்து மெல்லியது வரை ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ என்ற ஆங்கில ஸ்வரப் பெயர்கள். தடித்தது 6-ஆம் கம்பி, மெல்லியது 1-ஆம் கம்பி. போனில் இலவச ட்யூனர் இருக்கிறது, முதல் மாதம் அதையே பயன்படுத்துங்கள். அப்புறம் காதால் சேர்க்கப் பழகுங்கள். 6-ஆம் கம்பியின் ஐந்தாவது ஃபிரெட்டும் 5-ஆம் கம்பியும் ஒன்றாக ஒலிக்க வேண்டும். இப்படியே கீழே வாருங்கள். 3-ஆம் கம்பியில் மட்டும் ஐந்துக்குப் பதில் நான்காவது ஃபிரெட்.

கோயிலில் வாசிக்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பழைய ஹார்மோனியங்கள் பல, ட்யூனர் காட்டும் 440 கணக்குக்கு (ஏ ஸ்வரத்துக்கு 440 ஹெர்ட்ஸ்) சரியாக இருப்பதில்லை. ஹார்மோனியத்தின் சுருதியை அந்த இடத்தில் மாற்ற முடியாது, கிட்டாரின் சுருதியை மாற்ற முடியும். அதனால் அங்கே போனதும் போனை உள்ளே வைத்துவிட்டு, ஹார்மோனியம் வாசிக்கும் அண்ணனிடம் ஒரு கட்டையை அழுத்திப் பிடிக்கச் சொல்லி அதற்குச் சேருங்கள்.

விரல் நுனி எரிகிறது. எவ்வளவு நாள் இப்படி?

இரண்டு மூன்று வாரம். தோல் தடித்த பிறகு வலி போய்விடும். ஆனால் பாதி வலி தவறான இடத்தில் அழுத்துவதால் வருவது. ஃபிரெட் கோட்டுக்குச் சற்றுப் பின்னால், ஒட்டினாற்போல் அழுத்துங்கள். இரண்டு கோடுகளுக்கும் நடுவில் அழுத்தினால் கூடுதல் பலம் தேவைப்படும். கம்பியும் முக்கியம். தடிமன் 12 என்று குறித்த கம்பி செட் கடினமாக இருந்தால் 11 அல்லது 10 கேட்டு வாங்குங்கள்.

நுனியில் எரிச்சல் வரலாம். மணிக்கட்டிலோ முழங்கையிலோ வலி வந்தால் உடனே நிறுத்துங்கள். மணிக்கட்டு அதிகமாக மடிந்திருக்கிறது என்று அர்த்தம். பல்லைக் கடித்துக்கொண்டு தொடர வேண்டாம்.

எந்த கார்ட்களில் தொடங்குவது?

மூன்று ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிப்பது கார்ட். முதலில் ஈ மைனர்: 5-ஆம், 4-ஆம் கம்பிகளில் இரண்டாவது ஃபிரெட், அவ்வளவுதான். ஆறு கம்பியையும் மீட்டலாம். அடுத்து ஜி, பிறகு சி, டி. ஜி, சி, டி மூன்றும் வந்துவிட்டால் நூற்றுக்கணக்கான பாட்டு வந்துவிட்டது. பஜனைப் பாட்டிலும் தேவாலயப் பாட்டிலும் இந்த நாட்டின் மராபி, ம்பகாங்கா என்ற நடன இசைகளிலும் அடிப்படை இந்த மூன்றுதான். ஜி, சி, ஜி, டி என்று சுற்றிச் சுற்றி வாசித்துப் பாருங்கள். 1920களில் ஜோஹன்னஸ்பர்க்கின் சேரிகளில் வளர்ந்த மராபி இதே போன்ற ஒரு சுழற்சியின் மேல் இரவு முழுக்க ஓடியது.

ஒரு கார்டிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது பாட்டு நின்றுவிடுகிறதே?

எல்லோருக்கும் நிற்கும். ஒரு நிமிடம் கடிகாரம் வைத்து, இரண்டு கார்டுக்கு இடையே எத்தனை தடவை மாற முடிகிறது என்று எண்ணுங்கள். முதல் நாள் பத்து வரும். மாதக் கடைசியில் முப்பது, நாற்பது வரும். ஆனால் உண்மையில் இதைச் சரிசெய்வது கூடப் பாடுபவர்தான். பாடுபவர் உங்களுக்காக நிற்க மாட்டார். விரல் பாதிதான் வந்திருந்தாலும் வலது கை தாளத்தை விடாமல் மீட்டிக்கொண்டே போக வேண்டும். தனியாக உட்கார்ந்து பழகுபவர் தவறிய இடத்தில் நின்று திருத்துவார், அந்த நிற்கும் பழக்கமே கையில் ஊறிவிடும். அம்மாவையோ தங்கையையோ முதல் வாரத்திலிருந்தே பாடச் சொல்லுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

ஸ்ட்ரம்மிங் (கம்பிகளை வாரி மீட்டும்) தாளம் பிடிபடவில்லை.

அம்புக்குறி போட்ட படங்களை மூடி வையுங்கள். தகதிமி சொல்லுங்கள். 'த' கீழே, 'க' மேலே, 'தி' கீழே, 'மி' மேலே. கை ஊஞ்சல் போல ஆடிக்கொண்டே இருக்கட்டும். எந்த எழுத்தில் கம்பியைத் தொடுகிறீர்கள், எதில் தொடாமல் விடுகிறீர்கள் என்பதில்தான் நடை மாறுகிறது. ஆதி தாளப் பாட்டுக்கு இது அப்படியே பொருந்தும். ஏழு எண்ணிக்கை மிஸ்ர சாபு என்றால் தகிட தகதிமி, 1, 4, 6 ஆகிய இடங்களில் அழுத்தம். நன்றாகப் பழகிய கிட்டார்க்காரர்கள்கூட ஏழைக் கண்டால் தயங்குவார்கள். கோயிலில் கைத்தாளம் போட்டு வளர்ந்த பிள்ளை தயங்குவதில்லை.

பாடுகிறவர் "அஞ்சரைக் கட்டை" என்கிறார். நான் என்ன வாசிப்பது?

இதற்குத்தான் கேப்போ. கழுத்தில் மாட்டும் சின்னக் கவ்வி. ஒரு ஃபிரெட் மேலே மாட்டினால் எல்லாமே அரைக் கட்டை ஏறும். பாடுகிறவரின் ஸ எங்கே என்பதைக் கட்டை எண் சொல்கிறது: சி என்பது 1 கட்டை, டி என்பது 2, ஈ 3, எஃப் 4, ஜி 5, ஏ 6, பி 7. மூன்றரையும் ஏழரையும் கிடையாது. மூன்றுக்கு அடுத்த ஃபிரெட் நான்கு.

சி குடும்ப கார்ட்களை (சி-யை ஸ-வாக வைத்தவை) வாசித்து இரண்டாவது ஃபிரெட்டில் கேப்போ போட்டால் 2 கட்டை. ஆண்கள் பலருக்கு அது வசதி. ஜி குடும்பத்தை வாசித்து முதல் ஃபிரெட்டில் போட்டால் ஐந்தரை, இரண்டாவதில் போட்டால் 6. பெண்கள் பெரும்பாலும் அந்தப் பக்கம் பாடுவார்கள். இந்தக் கணக்கை ஒரு அட்டையில் எழுதி கிட்டார் பைக்குள் வைத்துவிடுங்கள். பாடுகிறவரை உங்கள் வசதிக்கு இறங்கிப் பாடச் சொல்லாதீர்கள். தொண்டைக்குத்தான் கிட்டார் ஒத்துப்போக வேண்டும்.

எல்லா ராகத்துக்கும் கார்ட் போடலாமா?

போடக்கூடாது என்பது என் கருத்து. சங்கராபரணம், மோகனம், ஹரிகாம்போதி வழி வந்த பாட்டுகள், நடபைரவி, கீரவாணி போன்றவை கார்டை ஏற்கும். தோடியில் ஒரு கார்டைப் பிடித்துக்கொண்டு மீட்டினால் ஸ்வரங்களின் அசைவு செத்துவிடும். அப்போது தம்பூரா வேலையைக் கிட்டாருக்குக் கொடுங்கள். 6-ஆம் கம்பியை ஈ-யிலிருந்து டி-க்கு இறக்குங்கள். இப்போது 6, 5, 4 ஆகிய மூன்று கம்பிகளும் ஸ, ப, ஸ, 2 கட்டையில். அந்த மூன்றை மட்டும் மெதுவாக, ஒவ்வொன்றாக மீட்டிக்கொண்டிருங்கள். ஒரு விரல்கூட அழுத்த வேண்டியதில்லை. புரட்டாசி சனிக்கிழமை பூஜையில் ஓர் ஆயா விருத்தம் பாடும்போது, பழகத் தொடங்கி ஒரே மாதம் ஆன பையன் இப்படித் துணை நின்றதைப் பார்த்திருக்கிறேன். பாடி முடித்ததும் ஆயா அவன் தலையில் கை வைத்தார்.

எஃப் கார்ட் வரவே இல்லை. விட்டுவிடலாமா?

ஆறு கம்பியையும் ஒரே விரலால் அழுத்தும் எஃப்-ஐ ஆறு மாதத்துக்குத் தள்ளிப் போடுங்கள். அதுவரை சின்ன எஃப் போதும்: ஆள்காட்டி விரல் 1, 2-ஆம் கம்பிகளில் முதல் ஃபிரெட், நடுவிரல் 3-ஆம் கம்பியில் இரண்டாவது, மோதிரவிரல் 4-ஆம் கம்பியில் மூன்றாவது. அந்த நான்கு கம்பிகளை மட்டும் மீட்டுங்கள்.

பக்கத்துத் தெருவில் ஒருவர் ஜூலு மஸ்கந்தி வாசிக்கிறார். அதையும் கற்கலாமா?

தயவுசெய்து கற்றுக்கொள்ளுங்கள். நாம் வாழும் மண்ணின் கிட்டார் அது. டர்பன் தெருக்களில் வாசித்து வளர்ந்த ஜான் பெங்கு, புஸுஷுகேலா என்ற பெயரால் புகழ்பெற்றவர், இந்த இசையின் முன்னோடி. கம்பிகளை வாரி மீட்டும் வழக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பறிக்கும் 'உகுபிகா' முறைக்கு மஸ்கந்தியைக் கொண்டுவந்தவர். கட்டைவிரல் தடித்த கம்பிகளில் ஒரு பாட்டை நடத்தும், ஆள்காட்டி விரல் மெல்லிய கம்பிகளில் வேறொரு பாட்டைச் சொல்லும். தொடங்கும்போது 'இசிஹ்லாபோ' என்று தாளக்கட்டு இல்லாத வேகமான ஒரு முன்னுரை வரும். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஆலாபனை நினைவுக்கு வரும். எந்தச் சுருதியில், எந்த ஸ்வரங்களில் பாட்டு வரப்போகிறது என்பதை அது சொல்லிவிடும். நடுவில் பாடுகிறவர் தன் ஊரையும் குலத்தையும் புகழ்ந்து படபடவென்று பேசுவார், அது 'இஸிபோங்கோ'.

பலர் 1-ஆம் கம்பியை ஈ-யிலிருந்து டி-க்கு இறக்கி வாசிப்பார்கள். அதனால் ட்யூனரை நம்பி உட்கார்ந்தால் அவர் வாசிப்பது உங்களுக்கு அமையாது. எண்ணெய் டின்னில் செய்த கிட்டாருக்கு இங்கே 'இகோகோகோ' என்று பெயரே இருக்கிறது. விலை உயர்ந்த கிட்டார் இல்லையே என்று தயங்குபவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன். அந்த அண்ணனிடம் போய் வணக்கம் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து, கட்டைவிரலை மட்டும் ஒரு வாரம் கவனியுங்கள்.

ஆசிரியர் வேண்டுமா, வீடியோ போதுமா? பரீட்சை எழுத வேண்டுமா?

வீடியோவில் நிறையக் கற்கலாம், ஆனால் உங்கள் மணிக்கட்டு வளைந்திருப்பதை வீடியோ பார்க்காது. முதல் மூன்று மாதமாவது ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். பரீட்சை வேண்டுமென்றால் தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகமான யூனிசாவும் லண்டன் ட்ரினிட்டி கல்லூரியும் கிட்டாருக்கு கிரேடு தேர்வுகள் நடத்துகின்றன. இசையைத் தொழிலாக எடுக்க நினைக்கும் பிள்ளைக்கு அது பயன்படும். மற்றவர்களுக்கு அவசியமில்லை.

தினமும் எவ்வளவு நேரம்?

15 நிமிடம், தினமும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் என்பது பலன் தராது. கிட்டாரைப் பையில் போட்டு அலமாரியில் வைக்காமல் கண்ணில் படும் இடத்தில் வையுங்கள்.

டர்பன் ஈரக்காற்றில் கிட்டார் கெட்டுப்போகுமா?

கோடையில் மரம் ஈரத்தை உறிஞ்சி உப்பும், கம்பி உயரும், சத்தம் மங்கும். கடலோரத்தில் உப்புக்காற்று கம்பியைச் சீக்கிரம் துருப்பிடிக்க வைக்கும். வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் அடியோடு சேர்த்துத் துடையுங்கள். மூடிய காருக்குள் வெயிலில் விட்டுவிட்டுக் கடைக்குப் போகாதீர்கள், பசை இளகிவிடும்.

பலர் கவனிக்காதது வேறொன்று. குளிர்காலத்தில் ஜோஹன்னஸ்பர்க்குக்கு உறவினர் வீட்டுக்குப் போகும்போது கிட்டாரையும் எடுத்துப்போவீர்கள். அங்கே ஜூன், ஜூலையில் காற்று எலும்பு போல் காய்ந்திருக்கும். டர்பன் ஈரத்தில் ஊறிய மரம் அங்கே சட்டென்று சுருங்கும். ஃபிரெட் முனைகள் விளிம்பில் கையைக் குத்தும், பலகையில் விரிசல்கூட விழலாம். கிட்டாரை எப்போதும் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். ஈரமாக்கிப் பிழிந்த ஸ்பாஞ்சைத் துளை போட்ட சோப்பு டப்பாவில் வைத்து, அதையும் பெட்டிக்குள் போட்டு மூடுங்கள். ஸ்பாஞ்ச் மரத்தைத் தொடக்கூடாது.

நான் இடது கைப் பழக்கம் உள்ளவன்.

இரண்டு விதமாகவும் பிடித்துப் பாருங்கள். வலது கைக் கிட்டார் உறுத்தவில்லை என்றால் அதிலேயே பழகுங்கள், யார் வீட்டுக் கிட்டாரையும் எடுத்து வாசிக்கலாம். கொஞ்சமும் ஒத்துவரவில்லை என்றால் இடது கைக் கிட்டாரே வாங்குங்கள். ஜிமி ஹென்ட்ரிக்ஸ் வலது கைக் கிட்டாரைத் திருப்பிப் பிடித்து, கம்பிகளை மாற்றிப் போட்டுத்தான் வாசித்தார்.

எப்போது மற்றவர்கள் முன்னால் வாசிக்கலாம்?

இரண்டு கார்ட் தெரிந்த அன்றைக்கு. கூழ் பூஜைக்கு முந்தின வாரம் வீட்டுக்கூடத்தில் எல்லோரும் பாடிப் பார்ப்பார்கள் இல்லையா, அங்கே போய் ஓரமாக உட்காருங்கள். ஹார்மோனியத்துக்குச் சுருதி சேருங்கள். தெரிந்த கார்ட் வரும் இடத்தில் மீட்டுங்கள், தெரியாதது வரும்போது கம்பியின் மேல் கையை வைத்து ஒலியை அடக்கிவிட்டுத் தாளத்தை மட்டும் தட்டிக்கொண்டிருங்கள். அக்கா அடுத்த வரி எடுக்கும்போது மறுபடியும் சேர்ந்துகொள்ளலாம். பையில் ஒரு செட் கம்பி கூடுதலாக வைத்திருங்கள், 1-ஆம் கம்பிதான் அடிக்கடி அறும்.